நம் வீட்டுக்கு ‘நாட்டி’ வந்த ஆனி மாதம்

பிள்ளைகளா,

நேற்று சாயங்காலம் சைக்கிளுக்காக வாசலில் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றீர்கள். அண்ணன்காரன், “யூ ஆர் வெரி நாட்டி” என்று கத்தினான். தங்கச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஆமா, நாட்டிதான். எங்க மிஸ்ஸே சொல்லியிருக்காங்க. ஒன்ன யாராச்சும் சொல்லியிருக்காங்களா?” என்றாள். ஏதோ கோப்பை வாங்கியவள் மாதிரி அப்படி ஒரு தலைநிமிர்வு. உங்கள் அம்மாவும் நானும் உள்ளே போய்ச் சிரித்தோம்.

இதே சொல்லைக் கேட்டுத்தான் பாப்பா ஒருநாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். இனிமேல் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றாள். அது அவளுக்குக் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கும். பெரியவனுக்குத் தன் பங்கு மட்டும் மறந்திருக்கும். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை, அதுவும் தமிழில் படித்தவன். இங்கிலீஷ் பரீட்சையில் எப்படித் தேறினேன் என்பது எனக்கே விளங்காத விஷயம். ஆனாலும் இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மட்டும் எனக்கு நன்றாக அர்த்தம் தெரியும். அலைந்து தெரிந்துகொண்டது.

பாப்பா அப்போது ஒன்றாம் வகுப்பு. நம் ஊரிலிருந்து வலங்கைமான் போகிற வழியில் இருக்கிறதே அந்தச் சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடம், அங்கே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வேலியில் ஆடு நுழைந்து நுழைந்து ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

புதுத்தண்ணீர் வருகிற நாள் நமக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லணையில் திறந்தாச்சு என்று போனில் படம் வந்ததிலிருந்து ஊரில் எல்லாருக்கும் காது வாய்க்கால் பக்கமே இருக்கும். குடமுருட்டிக்கு வந்துவிட்டது, வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று ஒவ்வொரு சேதியாக வரும். அப்புறம் ஒருநாள், வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் தண்ணீரின் முனை நுரையும் சருகுமாக, பிளாஸ்டிக் டம்ளரையும் ஓட்டைச் செருப்பையும் உருட்டிக்கொண்டு வரும். மண் ‘உஸ்’ என்று சத்தம் போடும். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும். கத்தினால் எல்லாரும் ஓடிவர வேண்டும். தண்ணீரின் முனையோடு கூடவே கரையில் ஓட வேண்டும். கையில் என்ன இருக்கிறதோ அதைப் போட வேண்டும். பூ இருந்தால் பூ, நெல் இருந்தால் நெல். உங்கள் அம்மா ஒரு வருடம் தலையிலிருந்த மல்லிகையைப் போட்டாள். கூடவே ஹேர்பின்னும் போய்விட்டது. கல்யாணத்துக்கு வாங்கின நல்ல பின். அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாப்பா நடக்கத் தெரியாத காலத்திலிருந்து இதைப் பார்த்தவள். என் தோளில் உட்கார்ந்துகொண்டு கத்தியவள். அதனால் அந்த வருடம் தண்ணீர் வந்த வெள்ளிக்கிழமை அவள் செய்தது அவளுக்குத் தப்பாகத் தோன்ற வழியே இல்லை.

அன்றைக்கு நான் நம் குட்டியானை வண்டியில் விதைநெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன். “உங்க பொண்ணு விஷயமா உடனே வாங்க சார்.” மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். போனால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் காலிலும் முழங்கால் வரை சேறு. மடியில் காலி டிபன் டப்பா.

நடந்தது இதுதான். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் டப்பாவைத் திறந்திருக்கிறார்கள். பாப்பா ஜன்னலோரம். வாய்க்காலில் சத்தம் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி வந்துருச்சு! எல்லாரும் ஓடியாங்க!” என்று கத்தியிருக்கிறாள். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் பழக்கம். மீதிப் பிள்ளைகள் ஓடுகிறவர்களைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். ஆட்டு ஓட்டை வழியாக வகுப்பே வெளியில் போய்விட்டது. போகிற வழியில் பாப்பா சரஸ்வதி படத்திலிருந்த பூவை எடுத்துக்கொண்டாள். பூ இல்லாதவர்கள் என்ன செய்வது? டப்பாவில் சோறு இருக்கிறதே! தயிர்சாதம், எலுமிச்சைசாதம், தக்காளிசாதம், ஒரு வீட்டு நூடுல்ஸ், எல்லாம் தண்ணீருக்குப் போயிற்று. ஒரு டப்பாவும் மூடியோடு போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அடக்க முடியவில்லை. காவிரி இத்தனை தூரம் வந்ததில் நூடுல்ஸ் சாப்பிட்டது நம் வாய்க்காலில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சிரித்ததை அவர்கள் வகுப்பு மிஸ் பார்த்தார். சின்ன வயதுதான் அவருக்கு. அந்த வருடம்தான் நம் பக்கம் வேலைக்கு வந்திருந்தார். அவர் புடவையின் கீழ்ப்பக்கமும் சேறு. பாப்பாவைப் பார்த்து, “யூ ஆர் எ வெரி, வெரி நாட்டி கேர்ள்!” என்றார். சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். பெரிய மிஸ் வந்து, “திங்கக்கிழமை காலையில வந்து பேசுங்க சார், இப்ப கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வண்டியில் வரும்போது பாப்பா பேசவேயில்லை. வழியில் ஆடு, மாடு, பஸ் எதைப் பார்த்தாலும் அதற்கொரு பேச்சு வைத்திருப்பவள், கையை மடியில் கோத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“நாட்டின்னா என்னப்பா?”

எனக்குத் தெரியவில்லை. சினிமாவில் கேட்ட மாதிரி இருந்தது. “சேட்டை பண்றதுன்னு நெனைக்கிறேன் கண்ணு” என்றேன்.

“கெட்ட பொண்ணுன்னா?”

“சேச்சே.”

அப்போது உள்ளேயிருந்து வந்தவர் யார் தெரியுமா? ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நம் அண்ணன்காரர். “இருங்கப்பா, நான் போன்ல பாக்குறேன்” என்று என் போனை வாங்கி, பெரிய நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார். “கீழ்ப்படியாத. ஒழுங்கற்ற. தீய. குறும்பான.”

தீய என்றதும் பாப்பா ஓவென்று அழ ஆரம்பித்தாள். குறும்பான என்பது அவள் காதில் ஏறவேயில்லை. அழுகையோடு சொன்னாள். “இனிமே மிஸ்ஸுக்கு என்னப் புடிக்காது. சாக்பீஸ் டப்பா என்கிட்ட குடுக்க மாட்டாங்க. நான் ஸ்கூலுக்குப் போவல.”

அப்போதுதான் எனக்கு விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தினமும் காலையில் அந்த மிஸ்ஸின் சாக்பீஸ் டப்பாவை ஆபீஸ் ரூமிலிருந்து வகுப்புக்குக் கொண்டுபோவது பாப்பாவின் வேலை. வீட்டில் காலண்டர் தாள், மளிகை பில், எது கிடைத்தாலும் அதில் புடவை கட்டின ஒரு உருவம் வரைந்து பக்கத்தில் டப்பாவோடு தன்னை வரைவாள். அவ்வளவு ஆசை அந்த மிஸ்மேல். அவள் அழுதது பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பியதற்காக இல்லை. அந்த ஒரு ஆள் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்து அழுதாள்.

உங்கள் அம்மா கரண்டியோடு வந்தாள். “அப்பனும் புள்ளையும் சேந்து படிச்சு, நல்லா அழ வச்சாச்சு. வையிங்க அந்த போன.” பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். “இத்தன நாளா நான் சேட்ட, வாலு, அழிச்சாட்டியம்னு அத்தனையும் சொல்லியிருக்கேன். ஒரு நாளாச்சும் அழுதியாடி? இப்ப ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அழுவுற!”

உண்மைதான். அம்மா சொல்கிற ‘அழிச்சாட்டியம்’ இருக்கிறதே, அதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய சொல்! அழித்து நாசம் பண்ணுகிற சத்தம் அதிலேயே இருக்கிறது. ஆனால் அம்மா அதை இட்லி ஊற்றிக்கொண்டே சொல்லுவாள். சொல்லிவிட்டு இன்னொரு இட்லி வைப்பாள். அதனால் அது வலிக்காது. இந்த நாட்டியோ யார் வாயிலிருந்து எப்படி வருகிறது, பின்னாலேயே இட்லி வருமா வராதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விதைநெல்லை இறக்கப் போன இடத்தில் உரக்கடை பாயிடம் கேட்டேன். அவர் துபாயில் ஒரு வீட்டில் பல வருடம் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டில் எந்நேரமும் இங்கிலீஷ்தான் என்று சொல்லுவார்.

“பாய், நாட்டின்னா என்னங்க?”

கடையில் மருந்து வாங்க வந்திருந்த ஒரு பெரியவர், “நாட்டியா? எந்தக் கம்பெனி தம்பி? ஏக்கருக்கு எவ்வளவு அடிக்கணும்?” என்றார்.

பாய் கையிலிருந்த டீ சிந்தச் சிரித்தார். “அது பூச்சி மருந்து இல்லீங்க, பூச்சி! எங்க மேடம் அவங்க பூனைய அப்புடித்தான் கூப்புடுவாங்க. சோபாவ பிறாண்டும். ‘நாட்டி, நாட்டி’ன்னு சொல்லிக்கிட்டே எடுத்து முத்தம் குடுப்பாங்க. சின்னப் புள்ள ஜூஸ கொட்டினாலும் அதான். அது செல்லமா சொல்றது தம்பி. போயி நிம்மதியா தூங்குங்க.”

“அப்ப கெட்ட வார்த்தை இல்லையே?”

“புள்ளைய சொன்னா இல்ல.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “பெரிய ஆம்பளைய ஒரு பொம்பள சொன்னா அது வேற கணக்கு. அத நீங்க வீட்ல போயி கேக்காதீங்க.”

அதையும் வீட்டில் போய்ச் சொன்னேன். உங்கள் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒங்களுக்கு அதெல்லாம் தேவப்படாது” என்றாள். இது உங்களுக்கு இப்போது புரியாது. விடுங்கள்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பாப்பாவைக் கூப்பிட்டு, “மிஸ் உன்ன செல்லமாத்தான் சொல்லியிருக்காங்க. பாய் தாத்தாவே சொல்லிட்டாரு” என்றேன். அவள் நம்பவில்லை. பூனைக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் நம்பினாள். மறுநாள் ராத்திரி திரும்பவும் பூனைக் கதையைச் சொல்லச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் தானே யூனிபார்ம் எடுத்து வைத்தாள். நான் செய்த தப்பு அதுதான். மிஸ்ஸைக் கேட்காமல், துபாய் மேடத்தின் பூனையைக் கேட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் வராந்தாவில் நின்றிருந்தார். பாப்பா என் கையை விட்டுவிட்டு ஓடினாள். “மிஸ், மிஸ்! நீங்க என்ன செல்லமாத்தானே நாட்டின்னு சொன்னீங்க?”

மிஸ் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இல்ல. கோவமாத்தான் சொன்னேன்” என்றார்.

பாப்பா முகம் சுருங்கிப்போனதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். அவள் தோள் அப்படியே இறங்கிவிட்டது.

மிஸ் என்னிடம் சொன்னார். “சார், எங்க ஊரு ராமநாதபுரம் பக்கம். எங்க ஊர்ல தண்ணி ஓடி நான் பாத்ததில்ல. கம்மாயில நிக்கும், இல்லாட்டி லாரில வரும். அன்னிக்கு கத்துன சத்தம் சாப்பாட்டு நேரத்துச் சத்தம்தான்னு நெனைச்சு, அடுத்த பாடத்துக்கு பிளாக்போர்டு பக்கம் திரும்பி ஒரு வரிதான் எழுதினேன். திரும்பினா கிளாஸ்ல ஒரு பிள்ளகூட இல்ல சார். வெளிய வந்தா எல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. நான் தலைய எண்ணுறேன். திருப்பித் திருப்பி எண்ணுறேன். ஒரு தல குறையுது.”

“யாரு மிஸ் குறைஞ்சது?” என்றேன்.

“அந்தா, மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கே, அந்தப் பிள்ளதான். உங்க பொண்ணு எல்லார் சாப்பாட்டையும் தண்ணில போடச் சொல்லவும், அது பயந்துபோயி புங்கமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு தன் சாப்பாட்ட சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு. அது ஏப்பம் விட்டுக்கிட்டு வர்ற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல சார்.”

சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் கலங்கியிருந்தது. “இங்க தமிழ்ல திட்டக்கூடாதுன்னு ரூல். இங்கிலீஷ்ல எனக்கு அந்த நேரத்துல வந்தது அந்த ஒரு வார்த்தைதான். தமிழ்ல திட்டியிருந்தேன்னா உங்களால கேட்டிருக்க முடியாது.”

வெள்ளிக்கிழமை நான் அங்கே வந்து சிரித்தது ஞாபகம் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே வருகிற தண்ணீர் பாப்பாவுக்கு எங்கே வரும்? மதகுப் பக்கம் போயிருந்தால்? நம் பழக்கத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறோம். தோள் இல்லாமல் ஓடக்கூடாது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லித்தர வேண்டும் என்றே நமக்குத் தோன்றியதில்லை. “நீங்க சொன்னது சரிதான் மிஸ்” என்றேன். பிறகு புதுத்தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்காக சாப்பாட்டையா போடுவாங்க?” என்றார்.

பதில் பாப்பாவிடமிருந்து வந்தது. தலையைக் குனிந்தபடியே, “அவ்ளோ தூரத்துலேந்து வருது மிஸ். பசிக்காதா?” என்றாள்.

மிஸ் அவள் கிட்டே வந்தார். குனிந்து, “இங்க பாரு” என்றார். பாப்பா பார்த்தாள்.

“நான் கெட்ட பொண்ணா மிஸ்?”

“கெட்ட பொண்ணுன்னா அத சொல்ல வேற வார்த்தை இருக்கு. நான் அத சொன்னேனா?”

“இல்ல.”

“சொல்லாம தண்ணிகிட்ட போனதுக்கு நாட்டி. அது நெசம். இன்னொரு தடவை போனாலும் சொல்லுவேன், இன்னும் சத்தமா சொல்லுவேன். புரியுதா?” சொல்லிவிட்டு அவள் சட்டைக் காலரைச் சரிபண்ணினார். “மணி அடிக்கப் போகுது. சாக்பீஸ் டப்பா எங்க? இன்னும் ஆபீஸ்லயே இருக்கா?”

பாப்பா ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள், என்னைப் பார்க்கவேயில்லை.

அடுத்த வருடம் தண்ணீர் வந்த அன்று, பாப்பா இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாலும், மிஸ் அவளைக் கூப்பிட்டனுப்பி, தன் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு கயிற்றைப் பிடிக்கவைத்து வரிசையாகக் கரைக்குக் கூட்டிப்போனார் என்று கேள்விப்பட்டேன். எல்லாரும் கரையில்தான் நின்றார்களாம். மிஸ் தலையில் வைத்திருந்த பூவைப் போட்டாராம். ஹேர்பின் போனதா என்று உங்கள் அம்மா முதலில் விசாரித்தாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரியவனே, போனில் பார்த்து அர்த்தம் சொன்னவன் நீ. அந்த நாலு அர்த்தமும் பொய்யில்லை. ஆனால் அந்த மிஸ் அன்றைக்கு என்ன சொன்னார் என்பது அதில் இல்லை. ஒருத்தர் உன்னை எண்ணிப் பார்த்து, நீ குறைந்துவிடுவாயோ என்று நடுங்கிச் சொன்னாலும் அது நாட்டிதான். ஜூஸைக் கொட்டியதற்குச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அதேதான். சைக்கிள் கிடைக்கவில்லை என்று நீ தங்கையைச் சொன்னாயே, அது மூன்றாவது ரகம். அதில் சத்தம்தான் இருந்தது. ஒருவரை இப்படிச் சொன்னால், சொன்னபிறகு அவர்களிடம் ஒரு டப்பாவையாவது தூக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாவம், அவர்கள் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். பாப்பா, நீயும் அதைப் பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு திரியாதே. உன்னை நீயே சொல்லிக்கொள்கிற சொல் இல்லை அது.

இன்னொன்று. அந்தப் பள்ளிக்கூடத்து வேலியில் ஆட்டு ஓட்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு மூங்கில் படல் இருக்கிறது. மிஸ் வரிசையாகக் கூட்டிப்போனது அது வழியாகத்தான். அதை யார் வைத்தது என்று நீங்கள் கேட்டதேயில்லை.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு, பாப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு, நான் மட்டும் திரும்பிப் போனேன். பெரிய மிஸ்ஸிடம் காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன். வண்டியில் பிளந்த மூங்கில் பிளாச்சும் கட்டுக்கம்பியும் கொண்டுபோனேன். முதலில் அடைத்தே விடலாம் என்றுதான் நினைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபிறகு அடைக்க மனசு வரவில்லை. திறக்கிற மாதிரி ஒரு படல் கட்டி, பக்கத்துக் கம்பத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு கயிற்று வளையம் போட்டேன். வளையத்தை மிஸ்ஸின் தலை உயரத்துக்குக் குத்துமதிப்பாக வைத்தேன்.

முடித்தபிறகு ஒரு சந்தேகம் வந்தது. யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, பாப்பாவின் உயரத்துக்கு முட்டியை மடக்கிக் குந்திக்கொண்டு, கையை நீட்டி வளையத்தைத் தொடப் பார்த்தேன். எட்டவில்லை. எக்கிப் பார்த்தேன். அப்போதும் எட்டவில்லை. எழுந்து, படலை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.